ட்ரைவ் ட்ரிப் ஆனால்: கோளாறு மோட்டரிலா, கேபிளிலா, ட்ரைவிலா என்று பிரித்தறியும் முழுமையான வழிகாட்டி

காலபோக வெட்டு முடிந்து நெல் ஆலைகளுக்கு வந்து குவியும் நாட்களில் கிளிநொச்சி, வவுனியா, முருங்கன் பக்கத்து மில்களில் எந்த மோட்டரும் ஓய்வாக நிற்பதில்லை. மாரி முழுக்க ஓடாமல் கிடந்த மோட்டருக்குள் ஈரம் ஏறியிருக்கும். மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான ட்ரைவின் ஹீற்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) போன போகத்துத் தூசி கட்டியாகப் பிடித்திருக்கும். வாசலில் லொறி நிற்கும்போது ட்ரைவ் ட்ரிப் ஆனால் (கோளாறைக் கண்டு தானே நின்றுவிட்டால்), கை நேரே ரீசெற் பொத்தானுக்குத்தான் போகும். ட்ரைவ்கள் எரிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஷோர்ட் ஆன மோட்டரை மறுபடி ஓட விடும் ஒவ்வொரு முறையும் ட்ரைவுக்குள் இருக்கும் ஐஜிபிடி (மின்னைத் திறந்து மூடும் குறைகடத்திச் சுவிட்ச்) முழு அடியையும் தன் மேல் வாங்குகிறது. சில முறை தாங்கும், பிறகு வெடிக்கும். அதன்பின் திருத்த வேண்டியவை இரண்டு.

ஆகவே முதலில் ஒரு கட்டுப்பாடு. ஷோர்ட் சேர்க்கிற் அல்லது ஏர்த் கோளாறு என்று காட்டினால் ஒரு முறைகூட ரீசெற் வேண்டாம், அளந்து பார்த்த பிறகுதான். மற்றக் கோளாறுகளுக்கு ஒரு முறை ரீசெற் செய்யலாம். அதே கோளாறு திரும்ப வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கீழே உள்ளவை 400 வோல்ட் மூன்று பேஸ், 50 ஹேட்ஸ் மின்னில் ஓடும் 0.75 முதல் 75 கிலோவாட் வரையான ட்ரைவ்களுக்குப் பொருந்தும். 230 வோல்ட் ஒற்றைப் பேஸில் ஓடும் சிறிய ட்ரைவ்களுக்கு உரிய வேறுபாட்டைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

திரையில் வரும் குறியீடு எதைச் சொல்கிறது

ட்ரைவுக்கு மோட்டர் தெரியாது. தன் வெளியீட்டில் போகும் கரண்ட், உள்ளே இருக்கும் டீசி வோல்ற்றேஜ், ஹீற்சிங்கின் சூடு ஆகியவற்றை அது அளக்கிறது. மிச்சமெல்லாம் கணக்கு. "மோட்டர் ஓவர்லோட்" என்று வந்தால், நீங்கள் பரமீற்றரில் போட்ட கரண்டைவிடக் கூடிய கரண்ட் கணிசமான நேரம் போயிருக்கிறது என்பதே பொருள். மோட்டர் உண்மையில் சூடாக இருக்கிறதா என்பது, தேர்மிஸ்டர் (மோட்டர் சுருளுக்குள் வைக்கும் சூடு உணரி) கட்டியிருந்தாலொழிய, அதற்குத் தெரியாது. "ஏர்த் கோளாறு" என்றால் மூன்று பேஸ் கரண்டையும் கூட்டினால் பூச்சியம் வரவில்லை. ஒழுகுவது மோட்டரிலா, கேபிளிலா, ட்ரைவுக்குள்ளேயா என்று அது சொல்லாது. குறியீடு ஒரு திசையைத்தான் காட்டும். இடத்தை நீங்கள்தான் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தப் பிரிப்பைப் பற்றியது.

குறியீட்டோடு சேர்த்து இன்னும் நான்கை எழுதி வையுங்கள்: ட்ரிப் ஆன கணத்தில் ஹேட்ஸ், கரண்ட், டீசி வோல்ற்றேஜ், அத்துடன் வேகம் ஏறும்போதா, சீராக ஓடும்போதா, இறங்கும்போதா என்பது. பல ட்ரைவ்கள் கடைசிக் கோளாறின் இந்த எண்களைத் தாமே சேமித்து வைத்திருக்கும். கோளாறு வரலாறு என்ற மெனுவில் பாருங்கள்.

பெயர்கள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். டான்ஃபோஸ் விஎல்டியில் 13 ஓவர்கரண்ட், 14 ஏர்த், 16 ஷோர்ட், 30 முதல் 32 வரை மோட்டர் பேஸ் ஒன்று இல்லை. ஏபிபி ஏசிஎஸ்550 இல் 1 ஓவர்கரண்ட், 4 ஷோர்ட், 16 ஏர்த். ஷ்னைடர் அல்ரிவாரில் ஓசிஎஃப் ஓவர்கரண்ட், எஸ்சிஎஃப் ஷோர்ட், ஓபிஎஃப் வெளியீட்டுப் பேஸ் இழப்பு, ஓஎல்எஃப் மோட்டர் ஓவர்லோட். மிற்சுபிஷியில் ஓசி1, ஓசி2, ஓசி3 என்று வருபவை முறையே ஏறும்போது, சீராக, இறங்கும்போது வந்த ஓவர்கரண்ட். இங்கே அதிகம் பாவனையில் உள்ள சீன ட்ரைவ்கள் பலவற்றில் எரர் 02 ஏறும்போது, 03 இறங்கும்போது, 04 சீராக. எல்லாச் சீன ட்ரைவும் இதே ஒழுங்கில் இல்லை, ஆகவே கைநூலில் ஒருமுறை ஒப்பிட்டு, ட்ரைவின் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கை வைக்க முன்

பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, திரை அணைந்த பிறகும் பொறுத்திருங்கள். உள்ளே இருக்கும் கபாசிற்றர்களில் 540 முதல் 565 வோல்ட் வரை டீசி நிற்கும். சிறிய ட்ரைவுக்கு 5 நிமிடம், பெரியவற்றுக்கு 10 முதல் 15 நிமிடம். முகப்பில் ஒட்டியுள்ள எச்சரிக்கையில் எழுதிய நேரமே கணக்கு. நேரம் போனது மட்டும் போதாது. மல்ரிமீற்றரை டீசி 1000 வோல்ட் நிலையில் வைத்து டீசி பிளஸ், டீசி மைனஸ் டேர்மினல்களுக்கு இடையில் அளந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே வயரைத் தொடலாம். உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் எரிந்திருந்தால் அரை மணி போனாலும் வோல்ற்றேஜ் இறங்காது.

தேவையான சாமான்கள்: டயோட் சோதனை உள்ள மல்ரிமீற்றர், ட்ரூ ஆர்எம்எஸ் (சைன் அலை இல்லாத கரண்டையும் சரியாக அளக்கும்) கிளாம்ப் மீற்றர், 500 வோல்ட் மெகர் (இன்சுலேசனின் ஓமை அளக்கும் மீற்றர்), ஒரே அளவான மூன்று 230 வோல்ட் 100 வாட் இழைக் குண்டுகள், ஹோல்டர்கள், ஒரு சிறிய நல்ல மோட்டர் கிடைத்தால் அதுவும். எல்ஈடி குண்டு இந்த வேலைக்குச் சரிவராது.

பிரித்துப் பார்க்கும் சோதனை

இதை ஒழுங்கு தவறாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் மின்னை நிறுத்தி, டீசி இறங்கியதை அளக்க வேண்டும். ஷோர்ட் என்றோ ஏர்த் என்றோ குறியீடு வந்திருந்தால், மின் கொடுக்க முன் பின்னால் வரும் மெகர், டயோட் அளவீடுகளை முதலில் முடித்துவிடுங்கள்.

முதல் படி, மோட்டருக்கு மின் போகும் ட்ரைவின் யூ, வீ, டபிள்யூ டேர்மினல்கள் மூன்றிலும் இருந்து கேபிளைக் கழற்றுங்கள். முனைகளை ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்றி ஒதுக்குங்கள்.

இரண்டாம் படி, கட்டுப்பாட்டு முறையை வெக்ரரில் (மோட்டரின் கரண்டைப் பார்த்து முறுக்கைக் கட்டுப்படுத்தும் முறை) இருந்து வி/எஃப் முறைக்கு (ஹேட்ஸோடு வோல்ற்றேஜும் ஒரே விகிதத்தில் ஏறும் எளிய முறை) மாற்றுங்கள். மோட்டர் இல்லாமல் வெக்ரர் முறையில் ஓட விட்டால் ட்ரைவ் குழம்பி வேறு கோளாறு காட்டும். வெளியீட்டுப் பேஸ் இழப்புக் காவலையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். மாற்றிய இரண்டையும் தாளில் குறித்து வையுங்கள், திரும்பப் போட மறந்தால் பிறகு ஒரு பேஸ் போன மோட்டர் சத்தமில்லாமல் எரியும்.

மூன்றாம் படி, ட்ரைவை வெறுமையாக 0 இல் இருந்து 50 ஹேட்ஸ் வரை ஏற்றுங்கள். எதுவும் கட்டாத நிலையிலேயே ஓவர்கரண்ட் அல்லது ஏர்த் கோளாறு வந்தால் கோளாறு ட்ரைவில். அதை இனி ஓட விடவேண்டாம்.

நான்காம் படி, வெறுமையாக ஓடினால் மூன்று குண்டுகளையும் ஸ்டாரில் கட்டுங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனை யூ, வீ, டபிள்யூவுக்கு, மற்ற மூன்று முனைகளும் ஒன்றாக. அந்தச் சேர்ந்த முனையை நியூட்ரலுக்கோ ஏர்த்துக்கோ கொண்டுபோகக் கூடாது. 50 ஹேட்ஸில் மூன்றும் ஒரே வெளிச்சம் தர வேண்டும். ஒன்று மங்கினாலோ துடித்தாலோ அந்தப் பேஸின் ஐஜிபிடி அல்லது அதை இயக்கும் சேர்க்கிற் சரியில்லை. சாதாரண மீற்றரால் வெளியீட்டு வோல்ற்றேஜை அளந்தால் எண் தாறுமாறாக வரலாம், ஏனென்றால் அது நேரான சைன் அலை இல்லை. எண்ணை விட்டுவிட்டு யூ–வீ, வீ–டபிள்யூ, டபிள்யூ–யூ மூன்றும் ஒன்றுக்கொன்று சமனா என்பதை மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி, மோட்டர் பக்கத்து முனைகளைக் கழற்றி, விலக்கி வைத்துவிட்டு, கேபிளை மட்டும் ட்ரைவில் பூட்டி ஓட்டுங்கள். இப்போது ட்ரிப் ஆனால் கேபிள்.

ஆறாம் படி, மோட்டரைப் பூட்டி, பெல்ற்றைக் கழற்றி, லோட் இல்லாமல் ஓட்டுங்கள். பெயர்த் தகட்டில் உள்ள கரண்டில் ஏறக்குறைய 30 முதல் 50 வீதம் வரை எடுப்பது இயல்பு. சிறிய மோட்டர்கள் இன்னும் கூடுதலாக எடுக்கும். திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் மூன்று பேஸையும் கிளாம்ப் மீற்றரால் தனித்தனியே அளவுங்கள். 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்ததைச் செய்யுங்கள்.

யூவில் இருந்த வயரை வீக்கும், வீயில் இருந்ததை டபிள்யூவுக்கும், டபிள்யூவில் இருந்ததை யூவுக்கும் மாற்றுங்கள். மூன்றையும் சுழற்றி மாற்றுவதால் மோட்டர் சுற்றும் திசை மாறாது. கூடிய கரண்ட் அந்த வயரோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு மோட்டரில் அல்லது கேபிளில். கரண்ட் ட்ரைவின் அதே டேர்மினலில் நின்றுகொண்டால் கோளாறு ட்ரைவில். எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் கிடைக்கும் மிகத் தெளிவான விடை இது. மோட்டரைக் கழற்றி ரீவைண்ட் கடைக்கு ஏற்ற முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

ஏழாம் படி, பெல்ற்றைப் பூட்டி லோட்டுடன். இங்கே மட்டும் ட்ரிப் ஆனால், மின்னை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பாருங்கள்.

மோட்டரையும் கேபிளையும் அளப்பது

மெகர் வைக்கும்போது கேபிள் ட்ரைவில் இருந்து கழன்றிருக்க வேண்டும். மெகரின் 500 வோல்ட் ட்ரைவுக்குள் போனால் நல்ல ட்ரைவும் அங்கேயே போய்விடும். தேர்மிஸ்டர் வயர்களுக்கும் மெகர் வைக்கக் கூடாது. அவற்றைச் சாதாரண ஓம் மீற்றரால் பாருங்கள், குளிர்ந்த நிலையில் மூன்றும் தொடராக 750 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ட்ரைவ் பக்கத்து கேபிள் முனையில் இருந்து ஏர்த்துக்கு ஒரு நிமிடம் மெகர் வையுங்கள். 100 மெகாஓமுக்கு மேல் என்றால் கவலை இல்லை. 5 இலிருந்து 100 வரை ஓட்டலாம், ஆனால் அடுத்த மாதம் திரும்ப அளவுங்கள். 5 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டர் பெட்டியைத் திறந்து கேபிளைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே அளவுங்கள். மெகர் எண் சூட்டோடு மாறும். 10 பாகை செல்சியஸ் ஏற ஏற ஏறக்குறைய அரைவாசியாகும். ஆகவே ஓடி நின்ற சூட்டில் எடுத்த எண்ணையும் காலைக் குளிரில் எடுத்த எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

மாரிக்குப் பிறகு முதன்முதலாக ஓட்டும் மோட்டரில் குறைந்த எண் வந்தால் அநேகமாக அது ஈரம்தான், எரிவு இல்லை. டேர்மினல் பெட்டியின் கஸ்கெற், கேபிள் நுழையும் கிளாண்ட், பெட்டிக்குள் தேங்கிய தண்ணீர் ஆகியவற்றைப் பாருங்கள். மூடியைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, இழைக் குண்டுகளால் 60–70 பாகையில் ஒரு பகல் முழுக்க உலர்த்தி, எண் ஏறிக்கொண்டு போகிறதா என்று மணிக்கொரு தடவை அளவுங்கள். முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறும். ஏறாமல் நின்றால்தான் ரீவைண்டிங் பற்றிக் கதைக்க வேண்டும். சில ட்ரைவ்களில் நின்ற மோட்டருக்குக் குறைந்த டீசி கரண்ட் கொடுத்துச் சூடாக்கும் வசதி இருக்கிறது. கடற்கரை ஐஸ் ஆலைகளிலும் மாரி காலத்து நீரிறைப்பு நிலையங்களிலும் அதைப் பாவிப்பது நல்லது.

ஏர்த்துக்கு நல்ல எண் வந்தாலும் ஷோர்ட் இல்லை என்று ஆகாது. டேர்மினல் பெட்டியில் உள்ள தகடுகளைக் கழற்றி, ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையிலும் மெகர் வையுங்கள். பிறகு ஒவ்வொரு சுருளின் ஓமையும் அளவுங்கள். மூன்றும் 2–3 வீதத்துக்குள் சமனாக இருக்க வேண்டும். பெரிய மோட்டரில் ஓம் மிகச் சிறியது, சாதாரண மீற்றரின் முனை வயரின் ஓமே அதைவிடக் கூடிவிடும், அதற்கு மில்லிஓம் மீற்றர் வேண்டும். ஒரே சுருளுக்குள் இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டால் மெகர் காட்டவே காட்டாது. மோட்டரின் ஒரு பக்கம் மட்டும் சூடாவதும், முன் சொன்ன வயர் சுழற்சிச் சோதனையும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ரீவைண்டிங் கொடுக்க நேர்ந்தால் ட்ரைவில் ஓடும் மோட்டர் என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். இரட்டைப் பூச்சு எனாமல் கம்பி, எஃப் அல்லது எச் வகுப்பு இன்சுலேசன், பேஸ்களுக்கு இடையில் கடதாசி, வார்னிஷில் தோய்த்து அடுப்பில் காயவைத்தல் ஆகிய நான்கும் வேண்டும். தூரிகையால் வார்னிஷ் பூசிய மோட்டர் நேரடி மின்னில் வருடக்கணக்கில் ஓடலாம், ட்ரைவின் கூர்மையான வோல்ற்றேஜ் துடிப்புகளில் சுருளின் முதல் சில கம்பிச் சுற்றுகளிலேயே அதன் இன்சுலேசன் உடையும்.

ட்ரைவை மின்னில்லாமல் அளப்பது

மல்ரிமீற்றரை டயோட் நிலையில் வையுங்கள். சிவப்பு முனை டீசி மைனஸில், கறுப்பு முனை யூ, வீ, டபிள்யூ ஒவ்வொன்றிலும். 0.3 முதல் 0.5 வரை, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். அடுத்து கறுப்பு முனை டீசி பிளஸில், சிவப்பு முனை யூ, வீ, டபிள்யூவில். அதே எண் வர வேண்டும். முனைகளைத் திருப்பினால் திறந்த நிலை காட்ட வேண்டும் அல்லது எண் மெல்ல ஏறிக்கொண்டு போக வேண்டும். பூச்சியம் வந்தால் அந்த ஐஜிபிடி ஷோர்ட். உள்வரும் ஆர், எஸ், டிக்கும் இதையே செய்யுங்கள். பெரிய ட்ரைவ்கள் சிலவற்றில் மேல்பக்கம் டயோட்டுக்குப் பதிலாக தைரிஸ்டர் (கட்டளை வந்தால் மட்டும் கடத்தும் டயோட்) இருக்கும், அங்கே டீசி பிளஸ் பக்கம் திறந்ததாகக் காட்டுவது கோளாறு இல்லை. மூன்றும் ஒரேமாதிரி காட்டுகிறதா என்பதே முக்கியம்.

இந்தச் சோதனையில் தேறிய ட்ரைவும் ஓடும்போது தவறலாம், ஐஜிபிடியைத் திறந்து மூடும் சேர்க்கிற்றை இது தொடுவதில்லை. அதற்குத்தான் குண்டுச் சோதனை.

ஓவர்கரண்ட்: எப்போது வருகிறது என்பதே பாதி விடை

ஓட விட்ட உடனேயே, 0 ஹேட்ஸுக்குப் பக்கத்தில் வந்தால் மோட்டரிலோ கேபிளிலோ ஷோர்ட், அல்லது ட்ரைவின் ஐஜிபிடி, அல்லது இயந்திரம் முற்றாக இறுகிப் பிடித்திருக்கிறது.

ஏறும்போது வந்தால் முதலில் ஏற்ற நேரத்தைப் பாருங்கள். 15 கிலோவாட் ஊதுகுழாய்க்கு 5 செக்கன் போட்டிருந்தால் அது போதாது, 20–30 செக்கனுக்குக் கூட்டுங்கள். அடுத்து தொடக்க உதைப்பு வோல்ற்றேஜ். எடுக்காத லோட்டை எடுக்க வைக்க இதை 10 வீதத்துக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். அப்போது மோட்டரின் இரும்பு நிரம்பி, கரண்ட் மட்டும் ஏறும், முறுக்கு (சுழற்றும் விசை) ஏறாது. 3–5 வீதத்தில் தொடங்குங்கள், அல்லது ஓட்டோ டியூன் (ட்ரைவ் மோட்டரைத் தானே அளந்து அறியும் வசதி) செய்து வெக்ரர் முறைக்குப் போங்கள்.

நெல் மில்லில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கரண்ட் போனதும் வாளி எலிவேற்றர் நெல் நிறைந்தபடியே நிற்கும். கரண்ட் வந்ததும் அந்த முழுப் பாரத்தோடும், அடியில் குவிந்த நெல்லோடும் அது புறப்பட வேண்டும். ட்ரைவ் ஓவர்கரண்ட் அடிக்கும், பழி மோட்டருக்கு விழும். அடிப்பெட்டியின் கதவைத் திறந்து நெல்லை வாரிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இதே காரணத்தால், கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் வசதியை எலிவேற்றருக்கும் உமி உரிக்கும் இயந்திரத்துக்கும் போடவே கூடாது. ஆள் கை வைத்திருக்கும் நேரம் அது.

ஊதுகுழாய் நின்ற நிலையிலேயே எதிர்க்காற்றில் பின்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாலும் தொடக்கத்தில் ஓவர்கரண்ட் வரும். ஓடும் வேகத்தைத் தேடிப் பிடித்துத் தொடங்கும் வசதியையோ, தொடங்க முன் டீசி பிரேக்கையோ போடுங்கள்.

சீராக ஓடும்போது எப்போதாவது வரும் ஓவர்கரண்ட்தான் ஆளை அலைக்கழிக்கும். தளர்ந்த டேர்மினல், அதிர்வில் உரசிய கேபிள், ட்ரைவுக்கும் மோட்டருக்கும் இடையில் இருக்கும் கொன்டக்டர் என்ற ஒழுங்கில் தேடுங்கள். ஓடும்போது அந்தக் கொன்டக்டர் திறந்து மூடினால் ட்ரிப் நிச்சயம். பழைய ஸ்டார்–டெல்டா ஸ்டாட்டரை அப்படியே விட்டுவிட்டு முன்னால் ட்ரைவைப் பூட்டிய இடங்களில் இது நடக்கிறது. ஸ்டாட்டரை முற்றாகக் கழற்றுங்கள். அதைவிட மோசமானது, பவர் ஃபக்டரைத் திருத்த மோட்டரோடு முன்பு கட்டியிருந்த கபாசிற்றர். ட்ரைவின் வெளியீட்டில் அது இருக்கவே கூடாது. ஐஜிபிடியின் ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஷோர்ட் போலவே தெரியும்.

இறங்கும்போது வந்தால் இறக்க நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது தானாக ஓய விடுங்கள்.

ஓவர்லோட்

பெயர்த் தகட்டு எண்களை பரமீற்றரோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: வோல்ட், அம்பியர், ஹேட்ஸ், சுற்று வேகம், கிலோவாட். 7.5 கிலோவாட் நாலு துருவ மோட்டர் 400 வோல்ட்டில் 15 அம்பியர் அளவில் எடுக்கும். அங்கே ட்ரைவின் சொந்த அளவான 17 அல்லது 18 அம்பியர் அப்படியே கிடந்தால் மோட்டருக்குக் காவல் இல்லை. 11 கிடந்தால் நியாயமான லோட்டிலேயே ட்ரிப் ஆகும்.

உமி சரியாக இழுபடவில்லை என்று ஊதுகுழாயை 60 ஹேட்ஸுக்கு ஏற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஊதுகுழாய்க்கு வேண்டிய சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 55 ஹேட்ஸில் 1.33 மடங்கு, 60 இல் 1.73 மடங்கு. 50 இல் முழு லோட்டில் ஓடிய மோட்டருக்கு இது எரிவதற்கான வழி. இழுவை குறைந்தால் சைக்கிளோனையும் குழாயையும் துப்புரவாக்குங்கள், ஹேட்ஸைத் தொட வேண்டாம்.

மறுபக்கம், வேகத்தை மிகக் குறைத்தாலும் சூடு. மோட்டரின் ஃபேன் அதன் தண்டிலேயே இருப்பதால் 25 ஹேட்ஸில் காற்று அரைவாசி. ஊதுகுழாய், பம்பி போன்றவற்றில் லோட்டும் சேர்ந்து குறைவதால் பாதகமில்லை. எலிவேற்றர், கொன்வேயர், கொம்பிரசர் போன்றவை குறைந்த வேகத்திலும் முழு முறுக்கையே கேட்கும். அவற்றை நெடுநேரம் 30 ஹேட்ஸுக்குக் கீழே ஓட்டுவதானால் மோட்டருக்குத் தனி மின்சார ஃபேன் பூட்டுங்கள்.

ஒற்றைப் பேஸ் ட்ரைவும் டெல்டா இணைப்பும்

மூன்று பேஸ் இல்லாத தோட்டங்களில் 230 வோல்ட் ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸ் கொடுக்கும் 2.2 கிலோவாட் வரையான ட்ரைவ்கள் பெருகியிருக்கின்றன. அவை வெளியே தருவதும் 230 வோல்ட்தான். பெயர்த் தகட்டில் 230/400 என்று இருக்கும் மோட்டரை அங்கே டெல்டாவில் (மூன்று சுருளையும் முக்கோணமாக) கட்ட வேண்டும். கடையில் இருந்து ஸ்டாரில் வந்ததை அப்படியே பூட்டினால் முறுக்கு மூன்றில் ஒன்றாகிவிடும். மோட்டர் முனகும், லோட்டை எடுக்காது, ஓவர்லோட் அடிக்கும். அதே மோட்டரைப் பிறகு 400 வோல்ட் ட்ரைவுக்கு மாற்றும்போது ஸ்டாருக்குத் திருப்ப மறந்தால் லோட் இல்லாமலே ஓவர்கரண்ட். 400/690 என்று எழுதிய மோட்டர் 400 வோல்ட் ட்ரைவில் டெல்டா, 230 வோல்ட் ட்ரைவில் அதற்கு இடமே இல்லை.

மின் பக்கத்துக் கோளாறுகள்

டீசி வோல்ற்றேஜ் உள்வரும் வோல்ற்றேஜின் ஏறக்குறைய 1.35 முதல் 1.41 மடங்கு. 400 க்கு 540–565. திரையில் அது 480 என்று நின்றால் உள்வருவது 350 அளவுக்கு இறங்கியிருக்கிறது. ட்ரான்ஸ்போமரில் இருந்து தூரமாக, நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் ஆலைகளில் மாலையில் இப்படி நடக்கும். மின்சார சபையிடம் சொல்லும்போது எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று எழுதிக் கொடுங்கள். அனுமதிக்கப்பட்ட எல்லை 6 வீதம், அதாவது 376 முதல் 424 வரை.

ட்ரான்ஸ்போமரின் உயர் வோல்ற்றேஜ் பக்கத்தில் ஒரு பியூஸ் போனால் உங்கள் போர்ட்டில் ஒரு பேஸ் நியூட்ரலுக்கு 230 காட்ட, மற்ற இரண்டும் அதன் பாதிக்குப் பக்கத்தில் காட்டும். ட்ரைவைக் குறை சொல்ல முன் இந்த மூன்று எண்களையும் பாருங்கள். லோட் குறைவான நேரத்தில் ட்ரைவ் பேஸ் இழப்பைக் கவனிக்காமலே ஓடும். லோட் ஏறியதும்தான் அடிக்கும்.

ஓவர்வோல்ற்றேஜ் ட்ரிப் 800 வோல்ட் அளவில் வருகிறது. இறங்கும்போது வந்தால் இறக்க நேரத்தைக் கூட்டுங்கள், விரைவாக நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் பிரேக் ரெசிஸ்டர் பூட்டுங்கள்.

கேபிளும் நீருக்குள் மூழ்கும் பம்பிகளும்

ட்ரைவின் துடிப்பு நீண்ட கேபிளின் முனையில் பட்டுத் திரும்பும்போது மோட்டர் டேர்மினலில் டீசி வோல்ற்றேஜின் இரு மடங்கு வரை, 1100 வோல்ட் அளவில், உச்சம் எழும். கேபிள் 50 மீற்றரைத் தாண்டினால் ட்ரைவின் வெளியீட்டில் ரியாக்ரர் அல்லது டீவி/டீடி ஃபில்ரர் (இரண்டும் துடிப்பின் கூர்மையைக் குறைப்பவை) பூட்டுங்கள். குழாய்க் கிணற்றுப் பம்பிக்கு ஆழத்தையும் கொட்டிலில் இருந்து கிணறு வரையான தூரத்தையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். அந்த மோட்டரின் தாங்கு பெயாரிங் தண்ணீர்ப் படலத்தில் மிதப்பதால் 30 ஹேட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது. 0 இலிருந்து 30 வரை ஒரு செக்கனில் தாண்டிவிட வேண்டும். நீருக்குள் உள்ள கேபிள் மூட்டுத்தான் ஏர்த் கோளாறின் முதல் சந்தேகம், மோட்டர் அதற்குப் பிறகு.

கேரியர் ஹேட்ஸை (ஐஜிபிடி திறந்து மூடும் வேகத்தை), மோட்டரின் கீச்சொலி பிடிக்கவில்லை என்பதற்காக 12 கிலோஹேட்ஸுக்கு ஏற்ற வேண்டாம். ட்ரைவ் சூடாகும், ஏர்த்துக்கு ஒழுகும் கரண்ட் கூடும். 4 கிலோஹேட்ஸ் போதும். அந்த ஒழுக்கினால் 30 மில்லிஅம்பியர் ஆர்சிசிபி (ஏர்த் ஒழுக்குக்கு விழும் பிரேக்கர்) விழுந்துகொண்டே இருந்தால், ட்ரைவுக்கு உரிய பி வகை 300 மில்லிஅம்பியருக்கு மாற்றுங்கள். ஏர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். மோட்டரின் உடலில் கரண்ட் ஏறி, ஈரக் காலோடு தொட்டவரைக் கொல்லும்.

வன்னியில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

உமித் தூசி ஹீற்சிங்கின் தகடுகளுக்கு இடையில் பஞ்சுபோல் அடைக்கும். பெரும்பாலான ட்ரைவ்கள் 40 பாகை வரையான காற்றுக்கே கணக்கிடப்பட்டவை. தகரக் கூரையின் கீழ், சோளகம் வீசும் மாதங்களின் நண்பகலில் பெட்டிக்குள் அதைத் தாண்டும். தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் வெளியீட்டை 1 வீதம் குறைத்துக் கணக்குப் போடுவது பொது வழக்கம். வாரம் ஒருமுறை ஊதித் துப்புரவாக்குங்கள். கொம்பிரசரில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் வடித்துவிடுங்கள், ஈரக் காற்று ட்ரைவின் சேர்க்கிற் போர்ட்டில் பட்டால் தூசியைவிடக் கேடு.

பல்லியும் எறும்பும் டேர்மினல்களுக்கு இடையில் செத்துக் கிடப்பதும், எலி கேபிளைக் கொறிப்பதும் அடிக்கடி காணும் காரணங்கள். பயன்படாத கேபிள் துளைகள் எல்லாவற்றையும் அடையுங்கள். முல்லைத்தீவுக் கரையோர ஐஸ் ஆலைகளில் உப்புக் காற்று டேர்மினலைப் பச்சையாக்கும். பூச்சுப் பூசிய போர்ட் உள்ள ட்ரைவைக் கேட்டு வாங்குங்கள்.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி மின்னல். பிரதான போர்ட்டில் டைப் 2 மின்னல் காப்பைப் பூட்டி, அதன் நிறக் கண்ணாடி மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பெரிய இடிக்குப் பிறகும் பாருங்கள். ஏர்த் சரியில்லாவிட்டால் அந்தக் காப்பு பூட்டியும் பயனில்லை. ஆடி, ஆவணியில் நிலம் வறண்டு வெடிக்கும்போது ஏர்த் ரொட்டின் ஓம் ஏறிவிடும், ஆகவே அளப்பதானால் மழைக்குப் பிறகு அல்ல, அப்போது அளவுங்கள்.

திரும்ப ஓட விடுதல்

டேர்மினல் ஸ்குரூக்களைக் கைநூலில் உள்ள முறுக்களவுக்கு இறுக்குங்கள். வி/எஃப் முறைக்கு மாற்றியதையும், நிறுத்தி வைத்த வெளியீட்டுப் பேஸ் இழப்புக் காவலையும் திரும்பப் போடுங்கள். மோட்டரை மாற்றியிருந்தாலோ ரீவைண்ட் செய்திருந்தாலோ ஓட்டோ டியூன் மறுபடி. முதலில் பெல்ற் இல்லாமல் 10, 25, 50 ஹேட்ஸில் மூன்று பேஸ் கரண்டையும் அளந்து எழுதுங்கள். பிறகு லோட்டுடன் அரை மணி நேரம் ஓட்டி மறுபடி அளந்து, பெயாரிங்கின் சூட்டையும் பாருங்கள். மெகர் எண், சுருள் ஓம், லோட் இல்லாத கரண்ட் மூன்றையும் திகதியோடு பெட்டிக் கதவில் ஒட்டி, பரமீற்றர் முழுவதையும் கீபாட்டில் (ட்ரைவின் திரையும் பொத்தான்களும் உள்ள பகுதியில்) ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.